ஒரு கோழிக்கு முக்கால் தாள் இடம்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தார். காப்பி குடித்தார். கொஞ்ச நேரம் இந்த வருஷத்து மாம்பழ விலையைப் பேசினார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"மாமா, ரெண்டாவது ஷெட் போடலாம்னு இருக்கேன். பாதிக்கு பேங்க்ல லோன் கிடைக்கும். மீதிக்கு உங்க டெபாசிட்டை ரெண்டு வருஷம் கொடுத்தீங்கன்னா வட்டியோட திருப்பிடுவேன்."

மகளைச் சூளகிரிப் பக்கம் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு முட்டைக்கோழிப் பண்ணை. 2010-ல் முதல் ஷெட் போட்டபோது என் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தேன். ஒரு பைசா பாக்கியில்லாமல் வட்டியோடு திரும்பி வந்தது. ஆக, அந்தக் கூண்டுக் கம்பியில் என் 39 வருஷ குமாஸ்தா உத்தியோகமும் கலந்திருக்கிறது. வெளியே நின்று குறை சொல்கிற ஆள் இல்லை நான்.

ஆனாலும் இந்த முறை உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மாப்பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன்.

காரணம், அதற்குப் பத்து நாள் முன்னால் பண்ணைக்குப் போயிருந்தபோது செய்த ஒரு காரியம். குமாஸ்தா புத்தி, கையில் டேப் இருந்தால் எதையாவது அளக்கத் தோன்றும். ஒரு கூண்டை அளந்தேன். அகலம் 18 அங்குலம், ஆழம் 15 அங்குலம். உள்ளே நான்கு கோழிகள். 270-ஐ நான்கால் வகுத்தால் ஒரு கோழிக்கு 67.5 சதுர அங்குலம். நாம் ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் 96 சதுர அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தாளை நான்காக மடித்து ஒரு பங்கைக் கிழித்துப் போட்டால் மிச்சம் இருக்கிற இடம்கூட ஒரு கோழிக்கு முழுசாகக் கிடையாது.

அந்த இடத்தில்தான் அது நிற்கிறது, தின்கிறது, முட்டையிடுகிறது, தூங்குகிறது. பதினெட்டு இருபது வார வயதில் முட்டையிட ஆரம்பித்து, ஏறக்குறைய 72 வாரம் ஆகும்வரை அதே இடம். தரை கிடையாது, கம்பிதான். முட்டை உருண்டு முன்பக்கம் வரவேண்டும் என்பதற்காக அந்தக் கம்பியும் சரிவாக இருக்கும். இறக்கையை விரிக்க முடியாது. பக்கத்துக் கோழியைக் கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகின் நுனியை வெட்டிவிடுகிறார்கள். வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்கு ஓடு செய்யச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனத்தில் வருவது போதாதபோது உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும். நடமாட்டமும் இல்லாததால் எலும்பு இன்னும் பலவீனமாகும். கூண்டிலிருந்து பிடித்து எடுக்கும்போதே கால் ஒடிகிற கோழிகள் உண்டு. அப்புறம் அவை கறிக்கடைக்குப் போகும்.

இந்த எல்லையோர ஊர்களில் ஒரே தெருவில் மூன்று பாஷை. தமிழில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. எந்தப் பாஷைக்காரர் வீட்டுக் கோழியானாலும் அதன் குணம் ஒன்றுதான். குப்பையைக் கிளறும், மண்ணில் புரண்டு குளிக்கும், இருட்டினால் உயரமான இடம் தேடி ஏறும், முட்டையிட மறைவிடம் தேடும். என் மனைவி வளர்த்த பெட்டைக்கோழி ஒன்று தினமும் சாமி அறைக் கதவு இடுக்கில் போய்த்தான் முட்டையிடும். எத்தனை தடவை விரட்டினாலும் கேட்காது. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பார்கள். இந்தக் கூண்டுக் கோழி தன் ஆயுளில் ஒரு குஞ்சைக்கூடப் பார்ப்பதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. ஒரு பிராணி நியாயமான அளவு அசைந்து நடமாட முடியாதபடி அதைக் கூண்டில் அடைத்தால் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்கு இன்று ஓசூர் கடையில் இரண்டு முட்டைகூட வராது.

2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், பசி, பயம், வலி இல்லாமலும் தன் இயல்புப்படியும் வாழும் ஐந்து சுதந்திரங்கள் பிராணிகளுக்கு உண்டு என்றது. 2017 ஜனவரியில் காளைக்காக மெரினாவில் எத்தனை பேர் கூடினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதே வருஷம் ஜூலையில் சட்ட ஆணையம் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பு பற்றித் தன் 269-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. இந்தக் கூண்டு முறை வேண்டாம், கூண்டில்லாத பண்ணைகளுக்குத் தனிச் சான்று கொடுங்கள் என்று அதில் இருந்தது. அதற்கு யார் கூடினார்கள்? 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்று இருந்தது. அதுவும் ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும்.

வெளிநாட்டுக்காரன் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். தம்பி குடும்பம் இன்றும் பிரான்சில். ஒரு தடவை போயிருந்தபோது அங்கே முட்டை ஓட்டின் மேல் எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். முதல் எண் 0 என்றால் இயற்கை முறை, 1 வெளியே மேய்வது, 2 கொட்டகைக்குள் கூண்டில்லாமல், 3 கூண்டு. வெறும் கம்பிக் கூண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அந்தச் சட்டம் போட்டது 1999-ல். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அங்கே கூண்டு என்றால் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர், ஏறி உட்காரக் குச்சி, முட்டையிட மறைவிடம் வேண்டும். அதையும் ஒழிக்க 2023-க்குள் சட்ட முன்மொழிவு வரும் என்று 2021-ல் வாக்குக் கொடுத்தார்கள். 2023 முடிந்தும் வரவில்லை. கோப்பு நகராத வியாதி எல்லா ஊரிலும் உண்டு.

மாப்பிள்ளை பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கூண்டில் முட்டை எச்சத்தில் படாமல் சுத்தமாக வரும். எச்சம் கீழே விழுந்துவிடுவதால் குடல் நோய் குறைவு. கூட்டமாகத் திரியும் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்வதும் குறைவு. மழைக்காலத்தில் ஆழ்கூள முறையில் தரை ஈரமானால் படுகிற பாடு பட்டவருக்குத்தான் தெரியும். வெளியே மேய விட்டால் காட்டுப் பறவைகளிடமிருந்து பறவைக்காய்ச்சல் தொற்றும் பயம். ஆள் கூலி, தீவனச் செலவு எல்லாம் கூண்டில்தான் குறைவு.

இன்னொன்று, மலிவு. பள்ளிக்கூடத்தில் எங்கள் மிஸியே நான்காம் ஹென்றி ராஜாவைப் பற்றிச் சொல்வார். என் ராஜ்யத்தில் ஒவ்வொரு குடியானவன் சட்டியிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி வேகவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாராம். அதை முட்டை விஷயத்தில் செய்து காட்டியது நம் தமிழ்நாடு. 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. நாமக்கல் பண்ணைகளும் அந்தக் கூண்டுகளும் இல்லாமல் அத்தனை முட்டை வந்திருக்காது. ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டுக் கோழிக்கு இரக்கம் காட்டு என்று யாராவது சொன்னால் நான் அவர் பக்கம் இல்லை.

ஆனால் இந்த இரண்டில் ஒன்றுதான் என்று யார் சொன்னது? ஆம்லெட் போட முட்டையை உடைத்துத்தான் ஆகவேண்டும் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. முட்டையை உடைக்கத்தான் அதில் சொல்லியிருக்கிறது, கோழியின் எலும்பை அல்ல.

என் கருத்து இதுதான். இருக்கிற ஷெட்டை நாளைக்கே இடி என்று சொல்லக்கூடாது. கடன் வாங்கிப் போட்டவன் தெருவுக்கு வருவான். ஆனால் புதிதாகப் போடுகிற ஷெட்டில் இந்தக் கம்பிக் கூண்டு வேண்டாம். பழையவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் தவணை கொடுக்கலாம். நம் முட்டையிலும் கூண்டா, கூண்டில்லாததா என்று முத்திரை குத்தலாம். பழுப்பு ஓட்டைக் காட்டி நாட்டுக்கோழி முட்டை என்று கூடுதல் விலைக்கு விற்கும் ஏமாற்றும் குறையும். சத்துணவுக்கு வாங்குவது அரசாங்கம். அதில் ஒரு சிறு பங்கைக் கூண்டில்லாத பண்ணையிலிருந்து கூடுதல் விலைக்கு வாங்கினால், பண்ணைக்காரனுக்குத் தைரியம் வரும். பக்கத்திலேயே மத்திகிரியில் கோழியின உற்பத்திக்கென்று ஒரு கல்லூரி இருக்கிறது. நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கொட்டகையை அவர்கள் சொல்லித்தரட்டும்.

போன வாரம் மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். "கூண்டில்லாம போட்டா பணம் தர்றேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "மாமா, அந்த இடத்துல பாதிக் கோழிகூட நிக்காது" என்றார். மகள்தான் கேட்டாள்: "அப்பா, உங்க மனசாட்சிக்கு நாங்க வட்டி கட்டணுமா?"

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவள் கேட்டது நியாயம். மலிவாக முட்டை தின்பது ஊர் முழுக்க, பாவத்தைச் சுமப்பது பண்ணைக்காரன் மட்டும் என்றால் அது என்ன தர்மம்? அதனால் காலையில் போன் போட்டுச் சொன்னேன். முதலில் 500 கோழிக்கு மட்டும் சின்னதாக ஒரு கொட்டகை. நெல் உமி போட்ட தரை, ஏறக் குச்சி, முட்டையிடப் பெட்டி. அந்தப் பணத்துக்கு வட்டி வேண்டாம், நஷ்டம் வந்தால் அதுவும் என்னோடது. எங்கள் தெருவில் ஒன்பது வீட்டில் கேட்டுவிட்டேன். முட்டைக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க ஆறு வீட்டில் சம்மதம்.

மாப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை. மகள் நேற்று போன் செய்து, பெட்டி எத்தனை அடி வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஓசூர்ப் பக்கம் இருக்கும் நண்பர்களே, நீங்கள் அந்த இரண்டு ரூபாயைக் கொடுப்பீர்களா? வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். கணக்குப் போட வேண்டும்.