எதை உடைக்கிறோம் என்று முதலில் சொல்லுங்கள்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய ஷெட் ஒன்றை இடிக்கும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? கூரை மேல் ஏறி சிமெண்ட் ஷீட்டைச் சம்மட்டியால் உடைக்கும் அண்ணன் யார், கீழே அந்தத் தூளைக் கூட்டி அள்ளும் அக்கா எந்தத் தெரு என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பதில் நம் காலனியில் வந்து முடியும். முகத்தில் ஒரு துண்டு. பாதுகாப்பு அவ்வளவுதான்.

அந்தத் தூளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் நுண்ணிய இழைகள் துண்டுக்கு அடங்காது. மூச்சோடு போய் நுரையீரலில் தங்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் தெரிய 20, 30 ஆண்டுகள்கூட ஆகும். அப்போது காண்டிராக்டர் எங்கே இருப்பார்?

50-க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவோ ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து இன்னும் ஷீட் தயாரிக்கிறது.

எங்கே சந்தேகப்பட வேண்டும்? சாம்பல் நிற நெளி ஷீட், அதன் முகட்டுத் துண்டு, கழிவறைக் காற்றுக் குழாய், மழைநீர்க் குழாய், பழைய குடிநீர்க் குழாய். ஆலைக்குள் பாய்லர் மீதும் நீராவிக் குழாய் மீதும் இருக்கும் பழைய பூச்சு, கயிறு, கேஸ்கட். ஷீட்டில் ஐ.எஸ். 459 என்ற முத்திரை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுக்கான தர எண். முத்திரை அழிந்திருந்தால் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நார் தெரிகிறதா என்று பிய்த்துப் பார்க்காதீர்கள்.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: இல்லை என்று நிரூபிக்கும்வரை இருக்கிறது என்றே கொள்வோம். நிரூபிக்கும் பொறுப்பும் செலவும் கட்டட உரிமையாளருடையது, கூலிக்கு வந்தவருடையது அல்ல.

வீட்டுக் கூரையைப் பார்த்துப் பதற வேண்டாம். உடையாத ஷீட்டால் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் இழை பறக்கிறது. 2016-இல் வர்தா புயல் அடித்தது போல ஒரு புயல் வந்தால் கூரைகள் நொறுங்கும். அந்தத் துண்டுகளைப் போட்டுத் தெருப் பள்ளத்தை நிரப்பாதீர்கள். நனைத்து, முழுசாக எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக்கில் கட்டி வையுங்கள்.

1995-இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அது ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் வந்த தீர்ப்பு. ஆலைகள் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேட்டை 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. இடிக்க வரும் தினக்கூலியின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் கழித்துப் போட்ட ஆஸ்பெஸ்டாஸும் உண்டு. அத்தகைய கழிவைப் புதைக்கும் தளம் நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. ஊரார் ஆலைக் கழிவுக்கு இங்கே இடம் உண்டு. நம் தெருவில் கிடக்கும் உடைந்த ஷீட்டை எடுத்துப்போக மட்டும் வண்டி வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனி, பள்ளி, அங்கன்வாடியைச் சுற்றி வாருங்கள். எங்கே என்ன ஷீட், உடைந்ததா என்று எழுதுங்கள். அதை வைத்து ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுங்கள். அடுத்த முறை இடிக்க ஆள் கேட்டு வந்தால், கூலி பேசும் முன் கேளுங்கள்: எதை உடைக்கச் சொல்கிறீர்கள்?

ஜெய் பீம்.