சோங்கின் அழகைப் பேசுகிறவர்களுக்கு

வேட்டை றைபிள் ஒன்று வேணுமெண்டால் என்ன செய்வது? அக்ஷனை ஒரு இடத்திலும் குழலை இன்னொரு இடத்திலும் எடுத்து, நல்ல வால்நட் மரமாகப் பார்த்து, தன் தோளுக்கும் கைக்கும் அளவு கொடுத்து ஒரு துவக்குக் கம்மியரிடம் செய்விப்பதா? இல்லையெண்டால் ஐம்பது அறுபது வருசத்துக்கு முந்தின பேர்போன மொடல் ஒன்றைத் தேடி வாங்குவதா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேட்டைக்காரர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்கள். இப்ப அந்த வழக்கு யூரியூப் வழியாக எங்கள் கம்பஸ் விடுதி அறைகளுக்கும் வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு துவக்கு லைசென்ஸ் கூடக் கிடைக்கப்போகாத பெடியள், கஸ்டமா கிளாசிக்கா எண்டு சாமம் வரை சண்டை பிடிக்கிறார்கள்.

துவக்கே கூடாது எண்டு ஒரு வரி சொல்லிவிட்டு நாங்கள் விலகலாம். அது சுகமான வழி. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பெடியள் கேட்கப்போவதில்லை, நாங்களும் எதையும் விளங்கிக்கொள்ளப் போவதில்லை. அதனால் இந்த வழக்கை அதன் சொந்த மண்ணில் வைத்தே முதலில் பார்ப்போம்.

கிளாசிக் கட்சியின் குலதெய்வம் வின்செஸ்ரர் மொடல் 70. 1936இல் வந்தது. அதன் மூல யோசனை 1898ஆம் ஆண்டின் ஜேர்மன் மவுசரிலிருந்து எடுத்தது. போல்ட்டின் பக்கத்தில் நீளமான இரும்பு நகம் ஒன்று இருக்கும். தோட்டா மகசினிலிருந்து மேலே வரும்போதே அந்த நகம் அதன் விளிம்பைப் பிடித்து, வெடிக்கும் அறை வரை கைவிடாமல் கொண்டுபோகும். பாய்ந்து வருகிற மிருகத்துக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அது பெரிய ஆறுதல். 1964இல் கொம்பனி செலவைக் குறைக்க அந்த நகத்தை எடுத்தது. சோங்கில் வெட்டியெடுத்த கோட்டு வேலைக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோலம் வந்தது. வாங்குகிற ஆக்கள் கொதித்தார்கள். அன்றிலிருந்து 64க்கு முந்தினது, பிந்தினது எண்டு ஒரே றைபிளுக்குள் இரண்டு சாதி. 1990களில் அதே கொம்பனி பழைய நகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, 'கிளாசிக்' எண்டே பேர் வைத்து விற்றது. தான் எறிந்ததைத் தானே பொறுக்கிக் கூடின விலைக்குக் கொடுக்கிற கெட்டித்தனம்.

இந்தக் கதையை ரசிகர்கள் 'ஆன்மா போய்விட்டது' எண்டு சொல்லுவார்கள். எங்களுக்கு இதில் ஆன்மா ஒன்றும் தெரியவில்லை. போனது தொழிலாளியின் நேரம். ஒரு சோங்குக்கு இவ்வளவு மணித்தியாலம் எண்டு இருந்ததை முதலாளி வெட்டினான், அவ்வளவுதான். நியூ ஹேவனில் இருந்த அந்தத் தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது. அங்கே சம்பளத்துக்கு நின்று அரத்தைப் பிடித்தவர்களின் பேர் ஒரு வீடியோவிலும் வராது. அவர்களின் அன்றாட வேலையைத்தான் இப்ப ஏலத்தில் போட்டுக் கும்பிடுகிறார்கள்.

கஸ்டம் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. தொழிற்சாலை ஒரு கற்பனை ஆணுக்கு அளவெடுக்கிறது. வலது கைக்காரன், நடுத்தர உயரம். இடது கைக்காரருக்கும், கை கட்டையானவர்களுக்கும், பெரும்பாலான பெண்களுக்கும் அந்தச் சோங்கு பொருந்தாது. பொருந்தாத துவக்கு தோளை உதைக்கும், அதன் பயத்தில் விசையை வெடுக்கென்று இழுக்கப் பண்ணும், குறியைத் தவறச் செய்யும். இது உண்மையான குறை. உடம்புக்கு அளவாகச் சோங்கு வைக்கவேணும் எண்டு கேட்பதில் பிழை இல்லை.

ஆனால் அவர்கள் அதோடு நிற்பதில்லை. 1962இல் மலிவாகச் செய்யவென்றே வடிவமைத்த றெமிங்ரன் 700இன் அக்ஷனை எடுத்து, அதில் எல்லாவற்றையும் மாற்றி, நூறு யாரில் அரை அங்குலத்துக்குள் மூன்று சன்னமும் விழுகிறது எண்டு கடதாசியைத் தூக்கிக் காட்டுவார்கள். மாதக்கணக்கில், சிலநேரம் வருசக்கணக்கில் காத்திருப்பு. விற்கப்போனால் போட்ட காசு வராது, ஏனெண்டால் அது இன்னொருவனின் தோளுக்குச் செய்தது.

எங்கள் கேள்வி இதுதான்: அந்த அரை அங்குலம் யாருக்கு? மான் ஒன்றின் நெஞ்சில் உயிர்நிலை ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். நூறு யாரில் இரண்டு அங்குலம் சிதறுகிற பழைய சாதாரண றைபிள், இருநூறு யாரில் நாலு அங்குலம் சிதறும். அதுவும் எட்டுக்குள் அடங்கும். மிச்சம் முழுக்க ஆளின் கையில். அவன் மூச்சு, அவன் அவசரம், தூரத்தைப் பிழையாகக் கணிக்கிற அவன் கண். ஓடி வந்து களைத்தவனின் கை நடுக்கத்தை எந்தக் கம்மியரும் கடைந்து திருத்த முடியாது.

இதை வரலாறே காட்டுகிறது, அதுவும் எங்கள் தீவில். சாமுவேல் பேக்கர் எண்ட இங்கிலாந்துக்காரர் 1840இல் பிறிஸ்ரலில் கிப்ஸ் எண்ட கம்மியரிடம் தன் சொந்த யோசனையில் ஒரு றைபிள் செய்வித்தார். எடை 21 இறாத்தல். சன்னம் மட்டும் மூன்று அவுன்ஸ். சுத்தக் கஸ்டம். 1840களில் அவர் இலங்கைக்கு வந்தார், நுவரெலியாவில் குடியிருந்தார், யானை வேட்டையைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதே காலத்தில் மேஜர் றொஜர்ஸ் எண்டவர் 1400 யானைகளுக்கு மேல் கொன்றவர் எண்டு பேர் எடுத்தார். அவர் 1845இல் மின்னல் தாக்கிச் செத்தார். அப்ப அரசாங்கமே யானைக்கு வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்தின மூன்று வருசத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500க்கு மேல் கொல்லப்பட்டன எண்டு எமர்சன் ரெனன்ற் எழுதி வைத்திருக்கிறார். இப்ப வன்னியில் நாங்கள் நடக்கிற நிலம் அது. நாங்கள் பார்த்த வீடியோக்களில் 'பேக்கரின் புகழ்பெற்ற றைபிள்' எண்டு சொல்லும்போது இந்தக் கணக்கு வரவே இல்லை.

பேக்கருக்கு நேர் எதிர்முனையில் ஸ்கொட்லாந்துக்காரர் பெல். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பங்கு, சிப்பாய்களுக்கெண்டு செய்த சின்ன ஏழு மில்லிமீற்றர் மவுசர் தோட்டாவால். எப்படி முடிந்தது? செத்த யானையின் மண்டையோட்டை வாளால் அரிந்து, மூளை எங்கே இருக்கிறது எண்டு படித்தார். பெல்லை நாங்கள் புகழவில்லை. தந்தத்துக்காகக் கொன்றவர், அவ்வளவுதான். ஆனால் கஸ்டமா கிளாசிக்கா எண்ட சண்டையை அவர் அப்பவே முடித்துவிட்டார். துவக்கைப் படித்ததைவிட மிருகத்தைப் படித்தார்.

ஆடு வெட்டுகிறவர் கத்தியைத் தீட்டுவது ஆட்டுக்காக. கைபிடியின் அழகுக்காக இல்லை. ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த நியாயம். வேட்டையில் இருக்கக்கூடிய ஒரே நியாயமும் இதுதான்: சுட்டால் அந்த இடத்திலேயே விழவேணும், காயத்தோடு ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து சாகக்கூடாது. காயப்பட்டு ஓடினால் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி முடிக்கிற கடமை சுட்டவனுடையது. நாங்கள் பார்த்த மணித்தியாலக் கணக்கான வீடியோக்களில் மரத்தின் வரி தெரிந்தது, எண்ணெய் பூசுகிற கை தெரிந்தது, கடதாசியில் ஓட்டை தெரிந்தது. மிருகம் கடைசியில் படம் எடுக்கத்தான் வந்தது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் தன் கையால் துவக்கு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பேர் கட்டுத்துவக்கு. ஒரு இரும்புக் குழாய், ஒரு மரத்துண்டு, மிருகம் வருகிற பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு. சொல்லின் முழு அர்த்தத்தில் கஸ்டம்: அந்தப் பாதைக்கு, அந்தப் பன்றியின் உயரத்துக்கெண்டே அளந்து வைத்தது. அதன் பின்னால் மட்டும் ஆள் இல்லை. இடறுவது பன்றியா, மரையா, சிறுத்தையா, விறகுக்குப் போன அம்மாவா எண்டு அதற்குத் தெரியாது. காட்டுப்பன்றியின் நெஞ்சு உயரம் மனிதனுக்கு முழங்கால் உயரம். அதனால்தான் இங்கே கட்டுத்துவக்கு வெடித்தவர்கள் கால் சிதறி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பயிரைப் பன்றி அழிக்கிற விவசாயியின் வயிற்றெரிச்சல் எங்களுக்கு விளங்கும். ஆனால் சுட்டதற்குப் பொறுப்புச் சொல்ல ஆள் இல்லாத துவக்கை நியாயப்படுத்த முடியாது.

பேக்கரின் 21 இறாத்தல் றைபிளும் இந்தக் குழாயும் ஒன்று எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஒன்று காசுக்காரனின் விளையாட்டு, மற்றது இல்லாதவனின் அவசரம். ஆனால் இரண்டையும் அளக்கிற கோல் ஒன்றுதான்: முன்னால் நிற்கிற உயிருக்கு, பின்னால் நிற்கிறவன் என்ன கடன்பட்டிருக்கிறான்? மரத்தின் வரியையும் அரை அங்குலத்தையும் வைத்து இதற்குப் பதில் சொல்ல ஏலாது.

இன்னொன்றும் சொல்லவேணும். சோங்கு எண்ட சொல்லைக் கேட்டால் எங்கள் வீடுகளில் வால்நட் மரம் ஞாபகம் வராது. அடி வாங்கிய முதுகுதான் ஞாபகம் வரும். துவக்கு எண்ட சொல்லை இன்னும் குரல் தாழ்த்திச் சொல்லுகிற அம்மம்மாக்கள் எங்களுக்கு இருக்கிறார்கள். யுத்தம் முடிந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். எங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அந்த ஞாபகமும் இருக்காது. அந்த வெற்றிடத்துக்குள் துவக்கு ஒரு அழகான பொருளாக, கமரா போல, மோட்டார் சைக்கிள் போல உள்ளே வருகிறது. அழகை ரசிக்கிறது குற்றமில்லை. ஆனால் முன்னால் நின்ற ஆளை மறைத்துவிட்டு அழகை மட்டும் காட்டுகிற ரசனை எங்களுக்கு வேண்டாம். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இதைக்கூடக் கேட்கவில்லை எண்டால் நாங்கள் படிக்கிறது எதற்கு?

கேட்டதற்குத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். வேட்டை சட்டப்படி நடக்கிற நாட்டில், இறைச்சிக்காக வேட்டைக்குப் போகிற ஒருவர் எங்களைக் கேட்டால்: பேர்போனதும் வேண்டாம், புதிதாய்ச் செய்விக்கவும் வேண்டாம். பாவித்த, பேர் இல்லாத, ஒழுங்காக வேலை செய்கிற பழைய றைபிள் ஒன்றை வாங்குங்கள். சோங்கை மட்டும் உங்கள் தோளுக்கு அளவாக வெட்டுவியுங்கள். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிக் கடதாசியில் சுட்டுப் பழகுங்கள். நிச்சயமில்லாத தூரத்தில் சுடாமல் திரும்பி வரப் பழகுங்கள்.

விடுதி அறைத் தோழர்களுக்கு: அடுத்த வீடியோவில் அந்த மரத்தின் வரி மின்னும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்த கை யாருடையது, இதற்கு முன்னால் நின்றது யார், வெடித்த பிறகு பதில் சொன்னது யார். பதில் கிடைத்த பிறகு கஸ்டமா கிளாசிக்கா எண்டு சண்டை பிடிப்போம், நாங்களும் வருகிறோம். எங்களோடு ஒத்துப்போகாதவர்கள் மறுத்து எழுதுங்கள். பிரசுரிப்போம்.