முதலில் துணியை மாற்றுங்கள்



ஆயுத பூஜை நெருங்கினாலே எங்கள் அலுவலகத்துக்கு வரும் வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். ‘காரைப் பளபளவென்று வைக்க எதை வாங்கலாம்?’

நியாயமான கேள்விதான். ஐந்து வருடம், ஏழு வருடம் என்று தவணை கட்டி வாங்கிய வண்டி. அதன் மேல் ஒரு கோடு விழுந்தால் மனசு கஷ்டப்படாதா? ஆனால் கடைக்குப் போய் நின்றால் தலை சுற்றுகிறது. ஷாம்பு, வீல் கிளீனர், பாலிஷ், வாக்ஸ், ஸ்ப்ரே கோட்டிங், டயர் பாலிஷ் என்று அலமாரி நிறைய பாட்டில்கள். எல்லாவற்றின் மேலும் கண்ணாடி போல மின்னும் ஒரு சிவப்புக் காரின் படம். எதை நம்புவது?

இந்த முறை பதில் எழுதுவதற்கு முன் குழுவைச் சேர்ந்த நாங்கள் சிலர் எங்கள் சொந்த வண்டிகளிலேயே இந்தப் பொருட்களைப் போட்டுப் பார்த்தோம். பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதிக்கு ஒன்று, மறு பாதிக்கு வேறொன்று என்று ஒப்பிட்டோம். பெயின்ட் வேலை தெரிந்தவர்களிடமும் பேசினோம். கம்பெனிப் பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை. வண்டி நன்றாக வருவதையும் கெட்டுப்போவதையும் பெரும்பாலும் தீர்மானித்தது கம்பெனி இல்லை. கையில் இருந்த துணியும் பக்கெட்டில் இருந்த தண்ணீரும்தான்.

வீலிலிருந்து தொடங்குகிறேன். கழுவும்போதும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடைசியில் வீலைத் தேய்த்தால் அந்த அழுக்கு சுத்தமான கதவில் தெறிக்கும்.

உங்கள் வண்டியின் முன் வீலையும் பின் வீலையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். முன் வீல்தான் அதிகம் கறுத்திருக்கும். பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்கு வேலை அதிகம். நம் ஊரில் ஓடும் பல கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் தேயும் தூள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். டிஸ்க்கில் அது வெளியே பறந்து வீலில் ஒட்டும். அந்தத் தூளில் பிரேக் பேடின் துகளோடு, டிஸ்க்கிலிருந்து உரசி வந்த இரும்பும் இருக்கிறது. சூடாக வந்து ஒட்டும் இரும்புத் துகள், ஈரம் பட்டால் அங்கேயே துருப்பிடிக்கிறது. அலாய் வீலில் நாம் பார்க்கும் பழுப்புப் புள்ளிகள் பலவும் இதுதான். எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாததற்குக் காரணமும் இதுதான்.

இதற்கென்றே ‘அயர்ன் ரிமூவர்’ என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அடித்துச் சில நிமிடம் விட்டால் வீல் முழுக்க ஊதா நிறத்தில் வழிகிறது. இரும்போடு அந்த ரசாயனம் வினைபுரிவதால் வரும் நிறம் அது. வாடை மட்டும் சகிக்க முடியாது. முடி நீக்கும் கிரீம்களில் இருக்கும் ரசாயனக் குடும்பம்தான் இதிலும் இருக்கிறது. அதனால் அதே வாடை. காற்றோட்டமான இடத்தில் அடித்து, காய விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பல மாதம் கவனிக்காமல் விட்ட வீலில் இது நன்றாகவே வேலை செய்தது. வாராவாரம் கழுவும் வீலில் சாதாரண கார் ஷாம்புவும் மென்மையான பிரஷ்ஷும் போட்டதற்கும் இதற்கும் எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே வருடத்துக்கு ஓரிரு முறை போதும். மாதாமாதம் வாங்க வேண்டிய பொருள் இல்லை.

லேபிள் இல்லாத கேனில் சில கடைகளில் விற்கும் ‘வீல் ஆசிட்’ விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து வீலைக் கழுவும் வழக்கமும் இருக்கிறது. முதல் தடவை பளிச்சென்றுதான் தெரியும். ஆனால் அலாய் வீலின் மேல் இருக்கும் லேக்கர் பூச்சை அது அரித்துவிடும். பிறகு அலுமினியம் வெளுத்துத் திட்டுத் திட்டாகும். வீல் கிளீனர்களில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அது சார்ந்த உப்போ இருக்கும். அது தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல்கூட இருக்கலாம். ஆனால் தோலைத் தாண்டி உள்ளே போகும். அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. லேபிளில் பி.எச். நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் வண்டி ஓட்டி வந்த சூட்டோடு வீலில் அடிக்காதீர்கள். கையை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியிருந்தால் மட்டுமே தொடங்குங்கள்.

டயர் பாலிஷ் பற்றியும் ஒரு வார்த்தை. டயரின் பக்கவாட்டில் மட்டும் துணியால் தடவலாம். தரையைத் தொடும் பகுதியிலோ பிரேக் டிஸ்க்கிலோ படக் கூடாது. வீட்டில் பைக்கோ ஸ்கூட்டரோ இருந்தால் அதன் டயர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வளைவில் சாயும் வண்டிக்கு அந்த வழுவழுப்பு உயிருக்கே ஆபத்து.

இப்போது பெயின்ட்டுக்கு வருவோம். இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இன்றைய கார்களில் நாம் தொடுவது நிறத்தை அல்ல. நிறத்தின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற ஒளி ஊடுருவும் பூச்சை. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம்கூட பெரும்பாலும் அதைவிட அதிகம். வெயிலைத் தடுப்பதும் பளபளப்பைத் தருவதும் இந்தப் பூச்சுதான். அது தேய்ந்தால் திரும்ப வளராது.

அலமாரியில் இருக்கும் பாட்டில்களை இதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். ஷாம்புவும் கிளீனரும் அழுக்கை எடுப்பவை. காம்பவுண்டும் பாலிஷும் கிளியர் கோட்டையே கொஞ்சம் சுரண்டிக் கீறலை மறைப்பவை. வாக்ஸும் ஸ்ப்ரே கோட்டிங்கும் மேலே மூடி நிற்பவை. முதலாவது அடிக்கடி வேண்டும். மூன்றாவது அவ்வப்போது வேண்டும். நடுவில் இருப்பது மிக அரிதாகத்தான் வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி ரப்பிங் காம்பவுண்ட் போட்டுவிட்டு, சில வருடங்களில் பெயின்ட் மங்கிவிட்டது என்று வருத்தப்படும் குடும்பங்கள் எத்தனை!

கீறல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமா? நல்ல வெயிலில் வண்டியை நிறுத்தி, பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். கறுப்பு வண்டியில் இன்னும் நன்றாகத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை துடைத்ததால் வந்தவை. காலையில் புழுதி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் ‘சும்மா ஒரு துடை’ துடைக்கிறோமே, அப்போது அந்தத் துணி உப்புத்தாளாகத்தான் வேலை செய்கிறது. பனியன் வேஸ்டும் பழைய வேட்டியும் மென்மையாகத்தான் இருக்கின்றன. ஆனால் மடித்துத் தைத்த ஓரத்திலும் தையல் முடிச்சிலும் மண் சிக்கிக்கொள்ளும். எங்கள் ஒப்பீட்டில் விலை உயர்ந்த ஷாம்புவுக்கும் நடுத்தர விலை ஷாம்புவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய துணிக்கும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணிக்கும் இருந்தது.

ஆகவே கையில் சில நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் பாட்டில் வாங்காதீர்கள். மைக்ரோஃபைபர் துணிகள் வாங்குங்கள். வீலுக்கு ஒரு நிறம், பாடிக்கு ஒரு நிறம். இன்னொரு பக்கெட்டும் வேண்டும். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். கழுவி முடித்ததும் அந்த இரண்டாவது பக்கெட்டின் அடியைப் பாருங்கள். அந்த பக்கெட் இல்லாவிட்டால் அங்கே தங்கியிருக்கும் மணலெல்லாம் பெயின்ட்டின் மேல் ஓடியிருக்கும்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போடலாமா என்று பல இல்லத்தரசிகள் கேட்கிறார்கள். ஒரு தடவை போட்டால் பெயின்ட் போய்விடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்த பொருள் அது. மேலே இருக்கும் வாக்ஸையும் எடுத்துவிடும். சலவைத் தூள் வேண்டவே வேண்டாம். கரையாத துகள் இருந்தாலே கீறல்தான்.

கழுவிய பிறகும் பெயின்ட் சொரசொரவென்று இருக்கிறதா? மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரிந்துவிடும். அதை எடுக்கத்தான் கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டி. நிறைய வழுக்கும் திரவம் அடித்து, அழுத்தாமல் நகர்த்த வேண்டும். தரையில் விழுந்தால் அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மண் ஒட்டிய கிளேயைப் பெயின்ட்டில் வைத்தால் செலவு டிங்கரிங் கடை வரை போகும்.

வாக்ஸில் பெயர் பெற்றது கார்னூபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. நன்றாக மின்னுகிறது. ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள்தான் தாங்கும். ஸ்ப்ரே கோட்டிங் இன்னும் கொஞ்சம் அதிகம் தாங்குகிறது; போடுவதும் சுலபம். நேரம் இல்லாத வீட்டுக்கு ஸ்ப்ரேதான் என் சிபாரிசு.

புது வண்டி டெலிவரி எடுக்கும் நாளில் பல ஆயிரம் ரூபாய்க்குக் கோட்டிங் போடச் சொல்லி வற்புறுத்துவார்களே, அங்கே நிதானம் வேண்டும். ‘9ஹெச் கடினம் சார், கீறலே விழாது’ என்பார்கள். அந்த 9ஹெச் பென்சிலை வைத்துச் செய்யும் சோதனையின் அளவு. பிள்ளைகள் எழுதும் ஹெச்பி பென்சிலின் வரிசையில் மிகக் கடினமான பென்சில் அது. அதற்குத் தாங்கியது என்றால் ஹைவேயில் லாரியிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்குத் தாங்கும் என்று அர்த்தமில்லை. நல்ல கோட்டிங்கால் தண்ணீர் உருண்டோடும், கழுவுவது சுலபமாகும். அந்தப் பயனுக்கு அந்த விலை கொடுக்க மனமிருந்தால் போடுங்கள். அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றது நினைவிருக்கும். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். பைப்பைத் திறந்து விட்டுக் கார் கழுவும் காலம் முடிந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். லேசான தூசி மட்டும் இருக்கும் நாட்களுக்கு ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்ற திரவம் கிடைக்கிறது. ஒரு பக்கெட்டில் ஒரு மூடி ஊற்றி, நன்றாக நனைத்துத் துடைத்தால் போதும். மறுபடி அலச வேண்டாம். இந்த முறை பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் அது ஆகாது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் வெயிலில் கழுவாதீர்கள். தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் வெள்ளை வட்டமாக நின்றுவிடும். நாள்பட விட்டால் அது கிளியர் கோட்டிலேயே பதிந்துவிடும். காலையில், நிழலில், கழுவிய கையோடு துடைத்துவிடுங்கள்.

பூஜை நாளுக்கும் இதே கவனம் வேண்டும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு காரம். சந்தனம் காய்ந்தால் கெட்டியாகும். வெள்ளை வண்டியில் குங்குமம் சாயம் இறங்கும். அதற்காகப் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? தாராளமாக வையுங்கள். கண்ணாடியில் வைத்தால் பெயின்ட்டைப் பற்றிக் கவலையே இல்லை. பானெட்டில் வைத்தால் அன்று மாலையே ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். பறவை எச்சத்துக்கும் இதே வைத்தியம்தான்.

எதை வாங்கினாலும் கதவின் கீழ் ஓரம் போன்ற மறைவான இடத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். மீதியைக் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வீட்டுக் காரை நாமே கழுவுவதில்லை. விடியற்காலையில் ஒருவர் வந்து, ஒரே பக்கெட், ஒரே துணியோடு குடியிருப்பின் அத்தனை வண்டிகளையும் துடைத்துவிட்டுப் போகிறார். நாம் வாங்கித் தரும் ரசாயனம் முதலில் படுவது அவர் கையில்தான். பாட்டிலில் ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கையை அவருக்கு யார் படித்துச் சொல்வது? அவரைக் குறை சொல்வதற்கு முன், நம் வண்டிக்கென்று தனித் துணிகளையும் இன்னொரு பக்கெட்டையும் கொடுங்கள். எதை எதில் போட வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். இந்த ஆயுத பூஜைக்கு அவருக்குப் பொரி, சுண்டலோடு இனாம் கொடுக்கும்போது, கூடவே ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்