தட்டையான நிலம் மட்டும் போதுமென்றால்...

சைக்கிளைப் பற்றி எழுதினால் வாசகர்களிடமிருந்து இரண்டு பதில்கள் தவறாமல் வரும். "ஒல்லாந்தில் நிலம் தட்டை, அவர்களால் முடியும்" என்பது ஒன்று. "அது அவர்களுடைய கலாசாரம்" என்பது மற்றையது. இவை பிழையானவை என்று நான் நெடுங்காலமாகவே கருதி வந்திருக்கிறேன். பாரிஸிலிருந்து கொப்பன்ஹேகன் நோக்கித் தன்னந்தனியனாகச் சைக்கிளில் சென்றபோது, நெதர்லாந்தின் வடபகுதியிலுள்ள குறோனிங்கன் நகரில் மூன்று நாட்கள் தங்கினேன். இப்பதில்கள் பிழையானவை மட்டுமல்ல, சொல்பவருக்கு வசதியான பொய்களும்கூட என்று இப்போது எழுதத் துணிகிறேன்.

முதலில் தட்டை நிலம். அசென் நகரிலிருந்து குறோனிங்கன் வரை முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. ஆயினும் அன்று வீசிய வடமேல் காற்று என்னை அரைநாள் வதைத்துவிட்டது. மலையென்றால் ஏறி முடித்தபின் ஓர் இறக்கமாவது கிடைக்கும். எதிர்காற்றுக்கு இறக்கம் கிடையாது! போதாக்குறைக்கு மழை வேறு. அந்த மழையிலும் என்னை முந்திக்கொண்டு போனவர்கள் பந்தய வீரர்கள் அல்லர்; புத்தகப்பை சுமந்த பள்ளிப் பிள்ளைகளும், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த பெண்மணிகளும். அவர்களுக்கு அச்சமில்லை. ஏனெனில் அவர்களுடைய பாதையில் லொறி வராது. நிலத்தின் தட்டைத்தன்மைக்கும் அந்த அச்சமின்மைக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. நிலம்தான் காரணமென்றால், ஒரு மலையும் இல்லாத நமது யாழ்ப்பாணக் குடாநாடு இந்நேரம் உலகச் சைக்கிள் தலைநகராக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது கலாசாரம். ஒல்லாந்தர் முன்பிருந்தே சைக்கிள் ஓட்டியவர்கள் என்பது உண்மை. ஆனால் 1950களிலும் 60களிலும் அவர்களும் ஏனையோரைப் போலவே காருக்கு மாறினார்கள். வீதிகள் அகலமாக்கப்பட்டன, சைக்கிள் பழங்காலத்துப் பொருளாகக் கருதப்பட்டது. 1971 இல் மாத்திரம் அச்சிறிய நாட்டின் வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள்.

இறந்த சிறுவர்களில் ஒருத்தி விக் லாங்கன்ஹொஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். அவர் 1972 இல் தாம் பணியாற்றிய 'டி டைட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 'சிறுவர் கொலையை நிறுத்து' என்பது அதன் தலைப்பு. விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். பத்திரிகைத் தொழிலில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற வகையில், இந்த ஒரு சொல்லின் கனத்தை நான் அறிவேன். நமது பத்திரிகைகளில் "வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம்" தானாகவே ஓடிவந்து மோதும். ஓட்டியவர் அந்த வாக்கியத்தில் இருக்கமாட்டார். அக்கட்டுரைத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் பிள்ளைகளுடன் வீதிகளில் இறங்கி மறித்தார்கள். 1973 இன் எண்ணெய் நெருக்கடியில் அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடைசெய்தபோது, வெறுமையான வீதிகள் எப்படியிருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். கலாசாரம் அன்று, போராட்டமே அந்தப் பாதைகளைப் போட்டது.

குறோனிங்கன் இதில் ஒரு படி முன்னே சென்றது. முப்பது வயதை அண்டியிருந்த மாக்ஸ் வான் டென் பேர்க் என்ற இடதுசாரி நகரசபை அரசியல்வாதி முன்னின்று நடத்திய திட்டம் 1977 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. திட்டம் மிக எளியது. நகர மையம் நான்கு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கூறிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேரே போக முடியாது. வெளியேறி, சுற்றுவீதியால் வளைந்து, மறுபடி உள்ளே வரவேண்டும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் நேரே போகலாம். வணிகர்கள் கொதித்தெழுந்தனர், கடைகள் அழிந்துபோகும் என்றனர். கடைகள் இன்றும் இருக்கின்றன. மார்ட்டினி கோபுரத்தின் அடியில் அமர்ந்து விலை அதிகமான ஒரு கோப்பி குடித்தபடி நானே பார்த்தேன். சில சந்திகளில் நான்கு திசைச் சைக்கிள்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு எரிகிறது. முதல்முறை நான் நடுங்கியபடி நின்றுவிட்டேன். எறும்புச் சாரிகள் போல ஒருவரையொருவர் விலக்கிக்கொண்டு அவர்கள் கலைந்து போனார்கள். ஒருவர் மீதும் ஒருவர் மோதவில்லை.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2022 இல் நெதர்லாந்து வீதிகளில் இறந்த 745 பேரில் 291 பேர் சைக்கிளில் சென்றவர்களே. மின்சார சைக்கிளில் விரையும் முதியவர்கள் அங்கு புதிய கவலை. குறோனிங்கனில் நடைபாதையை அடைத்து நிறுத்தப்பட்ட சைக்கிள்களைத் தாண்டிச் செல்வதே பெரும்பாடு. ஆனால் அவர்கள் தம் குறைகளைப் பற்றி வாதிடுகிறார்கள், நாம் வாதிடுவதேயில்லை.

இங்குதான் நமது கதைக்கு வரவேண்டியிருக்கிறது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் வடக்கே வருவது நின்றது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். மண்ணெண்ணெயில் புகைத்து ஓடிய சில மோட்டார் சைக்கிள்களைத் தவிர யாழ்ப்பாணமே சைக்கிளில் நின்றது. நோயாளி, விறகு, அரிசி மூட்டை எல்லாம் சைக்கிளில். மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய இலட்சக்கணக்கானோரின் கடைசி உடைமை பலருக்குச் சைக்கிள்தான். அந்த வாழ்வைப் போற்றிப் பாட நான் தயாரில்லை. அது திணிக்கப்பட்டது. ஆயினும் எண்ணெய் இல்லாமற்போனபோது ஒல்லாந்தர் கற்றதை விதியாக்கினார்கள். நாமோ கற்றதை அவமானமாக்கினோம். போர் முடிந்ததும், தவணைப் பணத்துக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கும் நிறுவனங்கள் வந்தன. சைக்கிள் "இல்லாதவனின் வாகனம்" ஆயிற்று. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பிய பணமும் அதே திசையில்தான் பாய்ந்தது என்பதை, ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள் கோபித்தாலும், எழுதத்தான் வேண்டும்.

2022 இல் மீண்டும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. எரிபொருள் வரிசைகளில் நாடு நாட்கணக்கில் நின்றபோது கொழும்பில்கூடச் சைக்கிள் விலை பன்மடங்காயிற்று. உத்தியோகத்தர்கள் லுமாலா தேடி அலைந்தார்கள். ஒரு மாகாணசபை, ஒரு மாநகரசபை, ஒரு மஞ்சள் கோடாவது நிரந்தரமாகப் போட்டதா? பெற்றோல் வந்தது, யாவும் மறக்கப்பட்டன. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருக்கிறார்கள். காலை ஏழரை மணிக்குப் பேருந்துகளுக்கிடையே நெளிந்து பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்காக யாரும் வீதியில் அமரவில்லை.

நான் நெடுஞ்சாலைகளைக் கேட்கவில்லை. கஸ்தூரியார் வீதியில் ஆஸ்பத்திரி வீதிக்கும் ஸ்ரான்லி வீதிக்கும் இடைப்பட்ட துண்டை மட்டும் கேட்கிறேன். குறோனிங்கனில் 'நோர்டர்பிளான்ற்சூன்' பூங்காவின் ஊடாகச் சென்ற வாகனப் பாதையை முதலில் பரீட்சார்த்தமாகத்தான் மூடினார்கள். 1994 இல் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். மிகச் சிறிய பெரும்பான்மையில் அது நிரந்தரமாக மூடப்பட்டது. யாழ். மாநகரசபையும் அந்தத் துண்டை ஒரு வருடத்துக்கு மூடிப் பார்க்கட்டும். சாமான் ஏற்றும் வாகனங்கள் அதிகாலையில் வந்து போகட்டும். வருட முடிவில் கடைக்காரர்களையும் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்தே வாக்களிக்கச் சொல்லட்டும்.