ஊர் சுத்தலாம் வாங்க - 7: கடல் மேல ஒரு ரோடு

ஃப்ளோரிடான்னாலே நம்ம பசங்க டிஸ்னி, மயாமி பீச்சோட நிறுத்திக்கிறாங்க. வாடகைக் கார் எடுக்கிறதுதான் எடுக்கறீங்க, இன்னும் கொஞ்சம் தெற்கே ஓட்டுங்க மக்களே. மயாமியிலிருந்து கீ வெஸ்ட் சுமார் 160 மைல். அதுல கடைசி 113 மைல் தீவு விட்டுத் தீவு தாவுற ரோடு, மொத்தம் 42 பாலங்கள். இடது பக்கம் அட்லாண்டிக், வலது பக்கம் மெக்சிகோ வளைகுடா. தண்ணி பச்சையா நீலமான்னு கடைசி வரைக்கும் கார்ல சண்டை ஓயல :-)

இங்க வழி கேட்டா மைல் பலகை நம்பரைத்தான் சொல்லுவாங்க. கீ வெஸ்ட்தான் பூஜ்யம். 102ல பென்னிகேம்ப் பார்க், கண்ணாடி அடித்தளப் படகுல பவளப்பாறை பாக்கலாம். (2023 கோடையில கடல் சூடாகி நிறைய பவளம் வெளுத்துப் போச்சு.) 47ல ஏழு மைல் பாலம் ஆரம்பம். 37ல பாஹியா ஹோண்டா, நல்ல பீச். 30 பக்கம் மெதுவா போங்க, நம்மூர் ஆட்டு உயரத்துல மான் குறுக்கே வரும். அழிஞ்சுட்டு வர்ற இனம்.

பாலத்துல போகும்போது பக்கத்துலயே இன்னொரு பழைய பாலம் கூடவே வரும். அது ரயில் பாலம். ஹென்றி ஃப்ளாக்லர்ங்கிற எண்ணெய்க் கோடீஸ்வரர் போட்ட பாதை. 1912ல முதல் ரயில் கீ வெஸ்ட் வந்துச்சு. 23 வருஷம்தான் ஓடுச்சு.

1935 செப்டம்பர் 2. முதல் உலகப்போர்ல சண்டை போட்டுட்டு, வேலை இல்லாம தவிச்ச சிப்பாய்களை அரசாங்கம் இந்தத் தீவுகள்ல ரோடு போட வச்சிருந்தது. தங்கினது கூடாரத்துல. புயல் வருதுன்னு தெரிஞ்சும் மயாமியிலிருந்து மீட்பு ரயில் தாமதமாத்தான் கிளம்புச்சு. இஸ்லமொராடாவுக்கு வந்து சேர்ந்த நேரம் கடல் எழும்பி வந்து, இன்ஜினைத் தவிர எல்லாப் பெட்டியையும் கவுத்துப் போட்டுருச்சு. அன்னிக்கு அந்தத் தீவுகள்ல செத்தவங்க 400 பேருக்கும் மேல.

தனுஷ்கோடி ஞாபகம் வருதா? 1964 டிசம்பர்ல பாம்பன் தாண்டிப் போன பாசஞ்சரையும் கடல் இப்படித்தான் கொண்டு போச்சு. ரெண்டு இடத்துலயும் அந்தத் தண்டவாளம் திரும்ப வரல. அங்க 2017ல ரோடு வந்துச்சு, இங்க 1938லயே ரயில் பாலங்கள் மேலயே ரோடு போட்டுட்டாங்க.

கீ வெஸ்ட்ல எல்லாரும் ஹெமிங்வே வீட்டுக்குப் போய் ஆறு விரல் பூனைகளைப் படம் பிடிக்கிறாங்க. அதே ஹெமிங்வே புயலுக்கப்புறம் படகுல போய் சடலங்களைப் பாத்துட்டு, இந்தச் சிப்பாய்களைக் கொன்னது யாருன்னு கேட்டு அதே வருஷம் காட்டமா ஒரு கட்டுரை எழுதினாரு. வர்றது தெரிஞ்ச புயல்ல, ஆளுங்களை முன்னாடியே ஏத்திவிடாததுதான் அவர் கோபம்.

அவங்க நினைவுச்சின்னம் 82ஆம் மைல் பக்கத்துல, ரோட்டோரமாவே இருக்கு. வளைஞ்ச தென்னையும் அலையும் செதுக்கின கல்லு. சுமார் 300 பேரோட சாம்பல் அதுக்குள்ள இருக்கு. டிக்கெட் கிடையாது, பத்து நிமிஷம் போதும். நாங்க நின்ன நேரம் வேற ஒரு வண்டியும் நிக்கல. நீங்க போனா நிறுத்துங்க.

ஜூன்ல இருந்து நவம்பர் வரை புயல் சீசன், அதனால டிசம்பருக்கு மேல போறது உத்தமம். ரூம் வாடகை அப்போ எகிறும். நாலு பேரா சேருங்க, புளிசாதம் கட்டிக்கோங்க.

அடுத்த வாரம் எவர்கிளேட்ஸ். முதலையோட சந்திப்போம்!