நாற்பத்தைந்து வயதில் ஓய்வா? வாடகையை மட்டும் நம்பலாமா?

பொழுது விடியும் நேரம். சிங்கப்பெருமாள் கோவில் ரெயில் நிலையத்தில் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. திமுதிமுவென்று ஆட்கள் இறங்குகிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ்கள் காத்து நிற்கின்றன. ஒரு கூட்டம் மகிந்திரா சிட்டிக்குப் போகிறது. இன்னொரு கூட்டம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் புறப்படுகிறது.

பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவிலால் பெயர் பெற்ற ஊர் இது. இன்றோ, தொழிற்சாலைகளால் வாழ்கிற ஊர். தெருவுக்குத் தெரு வாடகை வீடுகள். மாடிக்கு மேல் மாடி. ஒவ்வொரு கதவிலும் "டூ-லெட்" அட்டை.

டீக்கடையில் நின்றால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"இன்னும் அஞ்சு வருஷம்தான். மேலே நாலு போர்ஷன் எடுத்துட்டா போதும். வாடகை வந்துடும். வேலைக்கு ஒரு கும்பிடு!"

நல்ல ஆசைதான். இரவு ஷிப்டில் கண் விழித்து, இடுப்பு வலியோடு வீடு திரும்புகிறவன் ஓய்வுக்கு ஏங்குவதில் தப்பில்லை. ஆனால், அந்தக் கணக்கு சரிதானா? பென்சிலும் தாளும் எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.

வாடகைக் கணக்கு

ஒரு குடும்பம். சொந்த மனை இருக்கிறது. 30 லட்சம் ரூபாய் செலவில் நாலு போர்ஷன் கட்டுகிறார்கள். போர்ஷனுக்கு மாதம் 6 ஆயிரம் வாடகை. (இது கணக்குக்காகச் சொல்லும் தொகை. அவரவர் தெருவுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.)

மாதம் 24 ஆயிரம். ஆண்டுக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். கேட்க இனிக்கிறது.

ஆனால், 12 மாதமும் ஆள் இருப்பார்களா? ஒருவர் காலி செய்து, வெள்ளை அடித்து, அடுத்தவர் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆண்டில் 2 மாதம் காலி என்று வைத்தால் 48 ஆயிரம் போயிற்று. வீட்டு வரி, தண்ணீர் மோட்டார், செப்டிக் டேங்க், பைப் ரிப்பேர் என்று 30 ஆயிரம் கழித்தால் மிச்சம் 2 லட்சத்து 10 ஆயிரம். அதாவது மாதம் 17,500.

24 ஆயிரம் எங்கே? 17,500 எங்கே?

வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவிகிதத்தைக் கழித்துவிட்டுத்தான் வருமான வரி போடுகிறார்கள். வாடகை முழுவதும் கையில் நிற்காது என்பது வரி அதிகாரிகளுக்கே தெரியும்!

கடன் வாங்கிக் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். 15 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 15,200 ரூபாய். இரண்டு போர்ஷன் காலியானால் வரும் வாடகை 12 ஆயிரம்தான். தவணைக்கே காணாது.

இரண்டும் ஒரே தூணில்!

சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை கொடுப்பவர் யார்? பெரும்பாலும் தொழிற்சாலைத் தொழிலாளர். வீட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதே தொழிற்சாலைகள். சம்பளமும் வாடகையும் வேறு வேறு வருமானம் போலத் தோன்றும். ஆனால், இரண்டும் நிற்பது ஒரே தூணில். தூண் சரிந்தால் இரண்டும் ஒரே நாளில் விழும்.

இது வீண் பயமல்ல. இந்த வட்டாரமே கண்ணால் கண்டது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006ம் ஆண்டு நோக்கியா செல்போன் தொழிற்சாலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. 8 ஆண்டுக் கதை, அவ்வளவுதான்.

அடுத்தது, பக்கத்து ஊரான மறைமலைநகரில் இருந்த போர்டு கார் தொழிற்சாலை. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் கம்பெனி அறிவித்தது. 2022ல் கடைசிக் கார் வெளியே வந்தது. நஷ்ட ஈடு கேட்டுத் தொழிலாளர் போராடினார்கள். பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு தொகை முடிவாகி, வீட்டுக்குப் போனார்கள்.

அதே ஆலையில் 2029ல் எஞ்சின் உற்பத்தி தொடங்கத் திட்டம் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. நல்ல சேதிதான். ஆனால், 2022க்கும் 2029க்கும் நடுவில் 7 ஆண்டு. காலி வீடு 7 ஆண்டு காத்திருக்கலாம். குடும்பத்தின் வயிறு காத்திருக்குமா?

இன்னொன்றும் நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிலாளிக்குப் பாதுகாப்பான இடம் கிடைப்பது நல்லதுதான். ஆனால், இப்படி விடுதிகள் பெருகினால், அறைக்குப் பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்கும் காலம் மலையேறிவிடும்.

பென்ஷன் எவ்வளவு வரும்?

"வாடகை போனால் என்ன? பென்ஷன் இருக்கிறதே!" என்பார்கள் சிலர். அதையும் பார்ப்போம்.

பிராவிடண்டு பண்டு பிடிக்கும் கம்பெனிகளில் 1995ம் ஆண்டு பென்ஷன் திட்டம் நடக்கிறது. பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் அதை 15 ஆயிரமாக வைத்தார்கள். 40 ஆயிரம் சம்பளம் வாங்கினாலும் சாதாரணமாக இந்த வரம்புக்கு உட்பட்டுத்தான் கணக்கு.

கணக்கு சுலபம். அந்தச் சம்பளத்தை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். 27 வயதில் சேர்ந்து 45ல் விலகினால் 18 ஆண்டு. 15 ஆயிரத்தை 18ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 3,857 ரூபாய். 2014க்கு முந்திய ஆண்டுகளுக்கு வரம்பு 6,500தான். ஆகவே பழைய தொழிலாளிக்கு இதிலும் குறையும்.

அந்தப் பணமும் உடனே வராது. 58 வயதில்தான் முழு பென்ஷன். 50 வயதிலேயே வாங்கலாம். ஆனால், முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவிகிதம் குறைத்துவிடுவார்கள்.

பென்ஷன் கிடைக்க 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு கம்பெனியில் 4 ஆண்டு, இன்னொன்றில் 3, மற்றொன்றில் 4. மூன்றையும் சேர்த்தால் 11 ஆண்டு, பென்ஷன் உண்டு. ஒவ்வொரு முறை விலகும்போதும் பென்ஷன் பணத்தை எடுத்துச் செலவழித்தவருக்கோ ஒன்றும் கிடையாது. பணத்தை எடுக்காமல் அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். தொழிலாளி இறந்துபோனால் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் வருவதும் இந்தத் திட்டத்தில்தான் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றையும் கூட்டினால்...

நம் குடும்பத் தலைவர் 45 வயதில் விலகுகிறார். கையில் வந்த 15 லட்சத்தைத் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் கணவன், மனைவி பெயரில் போடுகிறார். இருவர் சேர்ந்து போட அதுதான் உச்ச வரம்பு. 2023 ஏப்ரலில் நிர்ணயித்த 7.4 சதவிகித வட்டிப்படி மாதம் 9,250 ரூபாய். வாடகை 17,500. மொத்தம் 26,750.

வீட்டுச் செலவு 30 ஆயிரம் என்றால் முதல் மாதமே 3,250 துண்டு விழுகிறது. இரண்டு போர்ஷன் காலியானால்? மாதப் பராமரிப்புச் செலவு 2,500 போக வாடகை 9,500தான். துண்டு 11,250!

விலைவாசியும் சும்மா இராது. ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால், இன்று 30 ஆயிரத்தில் நடக்கும் குடும்பத்துக்கு 12 ஆண்டில் 60 ஆயிரம் வேண்டும். கம்பெனி கொடுத்த வைத்திய இன்சூரன்சும் வேலையோடு போய்விடும். பிள்ளைகளின் படிப்பும் மகளின் கல்யாணமும் வருவது இந்த ஆண்டுகளில்தான்.

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்பவர் 1994ல் ஒரு கணக்குப் போட்டார். சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவிகிதம் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டே போனால், பணம் 30 ஆண்டு தாங்கும் என்றார். அதாவது ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு கையில் வேண்டும். மாதம் 30 ஆயிரம் செலவுக்கு 90 லட்சம்! அதுவும் அந்நாட்டுக் கணக்கு. 45ல் விலகுகிறவர் 40 ஆண்டுக்கல்லவா ஏற்பாடு செய்ய வேண்டும்?

என்ன செய்யலாம்?

வீடு கட்டவே கூடாதா? கட்டலாம். கடனைக் குறைத்து, ஒவ்வொரு போர்ஷனாகக் கட்டலாம். நாலையும் தனி ஆட்களுக்கே விடாமல், இரண்டைக் குடும்பங்களுக்கு விடலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பம் சட்டென்று காலி செய்யாது. ரெயில்வே ஊழியர், ஆசிரியர் போன்றோர் வந்தால், தொழிற்சாலை மூடினாலும் அவர்கள் வாடகை நிற்காது.

வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த அட்வான்ஸ் நம் பணமல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதைத் தொடாமல் பாங்கியில் வைப்பது நல்லது.

வீட்டுக்காரியை மறக்கலாமா? வருமான வரி கட்டாத, 18 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்கள் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் கட்டினால், 60 வயதில் மாதம் 5 ஆயிரம் வரும். எந்த ஆலை மூடினாலும் அந்தப் பணம் நிற்காது.

வேலையை விடும் முன் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். சம்பளத்தைத் தொடாமல், பாதி வாடகையிலும் வட்டியிலும் ஓர் ஆண்டு குடும்பம் நடத்திப் பாருங்கள். நடந்தால் ஓய்வு பெறலாம். நடக்காவிட்டால், இரவு ஷிப்டை விட்டு லேசான வேலைக்கு மாறலாம். பிராவிடண்டு பண்டு மட்டும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைத் தூணில் மாளிகை நிற்காது. வாடகை ஒரு தூண், பென்ஷன் ஒரு தூண், சேமிப்பு ஒரு தூண். மூன்றும் ஊன்றிய பிறகு போடுங்கள், வேலைக்கு ஒரு கும்பிடு!