பெருங்காயம் தீர்ந்த நாளில்

சமையலுக்கு நடுவே ஏதேனும் ஒரு சரக்கு தீர்ந்துபோயிற்றென்று தெரிந்தவுடன், அதைப் போன்ற வாசனையுள்ள வேறொன்றைத் தேடுவதைக் காட்டிலும், அந்தச் சரக்கு அந்தப் பதார்த்தத்தில் என்ன காரியம் செய்துகொண்டிருந்தது என்று ஒரு கணம் யோசிப்பதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெருங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். ஈரான், ஆப்கானிஸ்தானம் முதலிய தேசங்களின் வறண்ட மலைச்சாரல்களில் வளரும் ஒரு செடியின் பருத்த வேரைக் கீறினால் வடிகின்ற பாலானது இறுகிப் பிசினாகி, கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து, மாவும் வேலம்பிசினும் கலக்கப்பெற்று, கட்டியாகவோ தூளாகவோ நம் அஞ்சறைப் பெட்டியை அடைகிறது. அந்தச் செடியை இங்கேயே பயிராக்கும் நோக்கத்துடன் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் நாற்று நட்டது 2020ஆம் ஆண்டு அக்டோபரில்தான். இவ்வளவு தூரத்து வஸ்துவுக்கு வீட்டிலேயே பதில் உண்டா என்றால், ஓரளவு உண்டு. அதன் நெடிக்குக் காரணமான கந்தகச் சத்துக்களுக்கு உறவானவையே பூண்டிலும் வெங்காயத்திலும் அமைந்திருக்கின்றன.

ஆகவே ரசத்துக்குத் தாளிக்கும்போது, நெய்யில் கடுகு வெடித்து அடங்கியதும் தீயைத் தணித்து, தோலோடு நசுக்கிய இரண்டு பல் பூண்டை இட்டு, பச்சை நெடி போய் ஓரம் பொன்னிறம் காட்டுகிற சமயத்தில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு உடனே ரசத்தில் கொட்டிவிட வேண்டும். பூண்டு சிவக்கவிட்டால் கசக்கும். நெய்யில் படாமல் நேரே ரசத்தில் போட்டாலோ பச்சை வாடை மேலோங்கி நிற்கும்.

பூண்டு புழங்காத இல்லத்தார் என்ன செய்வதென்று கேட்கலாம். அவர்களுக்குத் திவசச் சமையலே வழிகாட்டி. மிளகாயையும் பெருங்காயத்தையும் விலக்கி, மிளகையும் சீரகத்தையும் நெய்யில் வறுத்துப் பொடித்துச் சமைக்கிற வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. அந்தச் சமையலில் ருசி குறைந்ததாகச் சாப்பிட்டவர் யாரும் சொல்வதில்லை. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் 16ஆம் நூற்றாண்டில் மிளகாய் இங்கே வேரூன்றும் வரையில், நம் முன்னோரின் உறைப்புக்கெல்லாம் மிளகல்லவா பிரதானமாக இருந்தது! மிளகாய் நாவில் சுள்ளென்று பற்றும், மிளகோ தொண்டையில் இதமாக நின்று எரியும் என்ற பேதத்தை மட்டும் மனத்தில் கொண்டால், மிளகாய் இல்லாத நாளும் நல்ல நாளே.

புளிக்கு எலுமிச்சம்பழத்தைப் பிரதியாகக் கொள்வோர், பாத்திரத்தை இறக்கிய பின்னரே சாற்றைப் பிழிய வேண்டும். புளி கொதிக்கக் கொதிக்கப் பக்குவப்படுவது, எலுமிச்சை கொதித்தால் மணம் கெட்டுக் கசப்பேறுவது. அன்னாசிப்பூவுக்குச் சோம்பு தாராளமாக ஈடாகும். இரண்டிலும் மணக்கின்ற தைலச்சத்து ஒன்றே. சோம்பைச் சற்றே கூடுதலாகப் போட்டால் போதும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பிரதி உண்டென்று நான் சொல்லமாட்டேன். செட்டிநாட்டுக் குழம்பில், சூடான எண்ணெயில் பட்ட மாத்திரத்தில் மரப்பட்டையும் ஈரமண்ணும் கலந்தாற்போல் எழுகின்ற கல்பாசியின் மணத்தை வேறெதனாலும் உண்டாக்க முடியாது. கல்பாசி கைவசம் இல்லையென்றால், தயவுசெய்து அதன் ஸ்தானத்தில் பட்டையையும் கிராம்பையும் அள்ளிப் போட்டுக் குழம்பைக் கெடுக்காதீர்கள். அது இல்லாமலே செய்யுங்கள்.